சித்தியின் சைக்கிள்காரர்

மத்தியானத்தில் சோபாவில் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்திருக்கும் ஓர் ஆம்பிளையை உங்கள் வீட்டில் கண்டதுண்டா? கண்டிருக்க மாட்டீர்கள். சின்ன வயதில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த என்னைப் போன்றவர்களின் அப்பாமார் படுத்ததே குறைவு. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் கண்ணயர்ந்தவர்கள் அவர்கள். அதனால்தான் அந்தக் கோடையில் எங்கள் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த கால்களை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் என் சித்தியின் கணவர். பிரெஞ்சுக்காரர். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஊரிலிருந்து கனடாவுக்கு என்று புறப்பட்டு, காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாரிஸில் விட்டுவிட்டுப் போனதால் அங்கேயே தங்கியவள். ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோகும் வேலை செய்தாள். அங்கே இடுப்பெலும்பு உடைந்து கிடந்தவர்தான் இவர். உப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்குச் சித்தி களவாக மிளகுதூள் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்தது என்ற செய்திதான் வந்தது. ஊரில் இருந்த அம்மப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மப்பாவிடம் யார் கேட்டார்கள், அவர் யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் தெரியாது. நம்முடைய சனத்துக்கு இப்படியான செய்திகள் யாரும் சொல்லாமலே வந்துசேரும்.

கனடாவில் குடியேறலாமா என்று பார்ப்பதற்காக இரண்டு பேரும் அந்தக் கோடையில் வந்தார்கள். எங்கள் வீடு ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. நடைபாதைக் கம்பளத்தில் பத்து நாட்டுச் சமையலும் சேர்ந்து மணக்கும். அந்த மணத்தோடு சித்தப்பாவின் நோவெண்ணெய் மணமும் சேர்ந்துகொண்டது. கற்பூரம் கலந்த ஏதோ ஒன்று. காலையில் குளித்துவிட்டு, வரவேற்பறையின் மூலையில் குந்தி, கால்களுக்குத் தேய்ப்பார். அந்தக் கால்களில் ஒரு மயிர் கிடையாது. முழுக்க வழித்திருந்தார். முழங்காலுக்கு மேலே ஒரு கோடு. அதற்குக் கீழே வெயிலில் காய்ந்த தோல், மேலே பால் வெள்ளை.

"காலை வழிச்சிருக்கிறான் பார்," என்றார் பெரியப்பா முதல் நாளே. "உது என்ன ஆம்பிளையள் செய்யிற வேலையோ?"

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். எங்களைக் கனடாவுக்கு எடுத்தவர் அவர்தான். ஆகவே எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அவர் சொல்லோடுதான் முடியும்.

"விழுந்தால் காயத்தில மயிர் ஒட்டாது பெரியத்தான். மருந்து கட்டச் சுகம். அவையளெல்லாம் அப்பிடித்தான்," என்றாள் சித்தி.

"அவையள் எண்டால் ஆர்?"

"சைக்கிள் ஓடுறவை."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

சித்தப்பாவின் பழக்கங்கள் எல்லாமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறவை. நிற்க வேண்டிய இடத்தில் உட்காருவார், உட்கார வேண்டிய இடத்தில் படுப்பார். சைக்கிள் ஓட்டக்காரர்களுக்கு அது பால்குடியிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடமாம். கால்களை வீணாகச் செலவழிக்கக் கூடாது. இரண்டாம் மாடிக்குப் போகவும் எலிவேட்டர் வரும்வரை காத்து நிற்பார். அதே நேரம் அம்மா கையில் இரண்டு சாமான் பையோடு படியேறி வந்து கதவைத் திறந்திருப்பாள். ஆனால் விடியற்காலையில் அந்த மெல்லிய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒஷாவா வரைக்கும் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். அதை யார் கண்டார்கள்? வேலையால் வருகிறவர்களின் கண்ணில் பட்டதெல்லாம் சுவரில் இருந்த கால்தான். "சோம்பேறி மடம்," என்று பெயர் வைத்தார் பெரியப்பா. சித்தப்பாவுக்குத் தமிழ் தெரியாததால் அவர் முகத்துக்கு முன்னாலேயே அந்தப் பெயரைச் சொல்வார். சித்தப்பா தன்னை ஏதோ கேட்கிறார் என்று நினைத்து எழும்பி உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா முறையாக விசாரிக்கத் தொடங்கினார். சித்தி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். நான் நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா பால்மாடு வளர்க்கிற ஒருவரின் மகன். பிரான்சின் மேற்குக் கரைப் பக்கம், மழையும் காற்றும் ஓயாத ஊர். மாதா கோயில் பெருநாளுக்கு ஊருக்கு ஊர் சைக்கிள் ஓட்டம் வைப்பார்களாம். அதில் ஓடி ஓடி, ஒரு குழு அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. ஆடி மாதத்தில் நாடு முழுவதும் சுற்றி ஓடுகிற பெரிய ஓட்டத்திலும் பல வருடம் ஓடியிருக்கிறார்.

"எத்தினை தரம் முதலாவதா வந்தவர்?"

"ஒருக்காலும் இல்லை."

"ரெண்டாவது? மூண்டாவது?"

"அவருக்கு அது வேலையில்லை பெரியத்தான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவன். வெல்லுறது அவன். மற்ற ஆக்கள் அவனுக்காக ஓடுறவை. காத்துக்கு முன்னால போய் அவனை மறைக்கிறது, பின்னால வாற காரிட்டைப் போய்ப் போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள்ள செருகிக்கொண்டு வந்து குடுக்கிறது. அவன்ர சில்லு காத்துப் போனால் தன்ர சில்லைக் கழட்டிக் குடுக்கிறது."

பெரியப்பா கதிரையில் சாய்ந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப குடிமை வேலை எண்டு சொல்லுங்கோவன். தண்ணி காவுறவன். பிரான்சிலயும் குடிமை இருக்கோ?"

ஊரில் ஒரு சாதிக்கு இன்னொரு சாதி செய்யக் கடமைப்பட்ட வேலைக்குத்தான் குடிமை என்று பெயர். உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து, இடுப்பு உடைந்த ஒரு வெள்ளைக்காரருக்கும் அதில் ஓர் இடம் கண்டுபிடித்தார் என் பெரியப்பா. அவரும் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. சித்தி அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

பிறகு சித்தப்பா தானாகவே ஒரு கதை சொன்னார். ஒருமுறை மலை ஓட்டத்தில் அவர் எல்லோருக்கும் முன்னால் தனியே போய்விட்டாராம். பின்னால் யாரையும் காணவில்லை. முடிவு கிட்ட வந்துவிட்டது. அப்போது காரில் வந்த குழுவின் முகாமையாளர் சொன்னார், தலைவனுக்குச் சில்லு வெடித்துவிட்டது, நில் என்று. அவர் நின்றார். வீதியோரத்தில் புல்லில் குந்தி, தலைவன் வரும்வரை காத்திருந்து, தன் சில்லைக் கொடுத்தார். மற்றவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

"வெல்லுறதை விட்டிட்டு நிண்டவனோ? மடையன்," என்றார் பெரியப்பா.

அதுவரை வாய் திறக்காத அப்பா கேட்டார். "தலைவன் ஏதும் சொன்னவனோ, பிறகு?"

சித்தி கேட்டுச் சொன்னாள். "தோளில ஒருக்காத் தட்டினவனாம்."

அப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ஒரு தொழிற்சாலை, பின்னேரம் ஓர் உணவகம். சப்பாத்துக் கழற்றினால் பாதம் இரண்டும் வீங்கியிருக்கும். அவருடைய தோளில் யாரும் தட்டியதாக எனக்கு நினைவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்தப்பா முதன்முதலில் தமிழில் கற்றுக்கொண்ட வசனம் வணக்கம் அல்ல. ஒரு நாள் அப்பா வேலையால் வந்து கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது, அவர் சோபாவிலிருந்து எழுந்து வந்து, "களைச்சுப் போனீங்களோ?" என்றார். சித்தியிடம் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார். அப்பா திகைத்துப் போனார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆடி நடுவில் அப்பாவின் பழைய கார் படுத்துவிட்டது. அவருடைய தொழிற்சாலைக்கு அவ்வளவு வெள்ளென பஸ் இல்லை. கட்டடத்து மேற்பார்வையாளரிடம் ஒரு பழைய சைக்கிளை இரவல் வாங்கினார். யாழ்ப்பாணத்தில் அரைவாசி ஆயுள் சைக்கிளில் கழித்தவர்தான். ஆனால் அந்தக் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. முதல் நாள் போய்வந்து படுக்கையில் விழுந்தார். இரண்டாம் நாள் சித்தப்பாவும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டியும் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கார் திருத்தும்வரை ஒவ்வொரு நாளும் அப்படியே நடந்தது.

ஒரு பின்னேரம் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் அறைக்குள் இருந்து கேட்டேன்.

"இஞ்சாரும், அவன் முன்னால போனால் காத்துத் தெரியுதில்லை. வாவிப் பக்கத்தால அடிக்கிற காத்து, எனக்கு ஒண்டும் படேல்லை. நான் பிந்தினால் திரும்பிப் பாக்காமலே அவனுக்குத் தெரியுது. மெதுவாக்கிறான்."

"இதைப் பெரியத்தானிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்," என்றாள் அம்மா.

"ஓம், சொல்லுவம்," என்றார் அப்பா. சொல்லவில்லை.

அந்தக் கோடையில்தான் நான் பெரியபிள்ளையானேன். வெளியே போகத் தடை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உழுத்தங்களி. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதைச் சித்தப்பா மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பைத் தேற்றச் சாப்பிடுவது என்று சித்தி சொன்னதும் தனக்கும் ஒரு கிண்ணம் களி கேட்டார். அதைச் சாப்பிட்டுவிட்டு, மலை ஓட்டக் காலத்தில் இது கிடைத்திருந்தால் வேறு கதை என்று சொன்னாராம். அம்மா சிரித்ததை நான் அன்று கண்டேன். அவளும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அந்தக் காலத்தில் அது அபூர்வமான காட்சி.

சடங்கை ஆவணி மாதத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். நம்முடைய சடங்குகளில் எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். வீடியோ. அந்தக் கசெற் லண்டனுக்குப் போகும், பாரிஸுக்குப் போகும், யாராவது ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு பிரதி அம்மப்பாவுக்கும் போகும். மேடையில் ஏறி ஆலாத்தி எடுத்து, வீடியோவில் விழுந்தவர்தான் குடும்பம். விழாதவர் விருந்தாளி.

சித்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் ஆலாத்தி எடுக்க வேணும். அப்பு ஒருக்கா அவரைக் காணட்டும். பிறகு விரும்பினால் பேசட்டும், விரும்பாட்டி விடட்டும். காணாமலே வெறுக்கக் கூடாது."

அப்பு என்று அவள் சொன்னது அம்மப்பாவை. அந்தக் கோடை முழுவதும் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். நாடு கடந்து வந்ததே அதற்காகத்தானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பெரியப்பா யோசித்தார், கடைசியில் ஓம் என்றார். சித்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சித்தப்பாவுக்குப் பட்டு வேட்டி வாங்கிவந்து கட்டப் பழக்கினாள். அவர் வேட்டிக்குள்ளே சைக்கிள் ஓடுகிற கறுப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டார், அவிழ்ந்தாலும் மானம் போகாது என்று.

அன்று ஒலிவாங்கி பெரியப்பாவின் கையில் இருந்தது. நான் சேலையும் நகையுமாக மேடையில் வியர்த்துக்கொண்டு இருந்தேன். சித்தியும் சித்தப்பாவும் ஏறி வந்தார்கள்.

"அடுத்ததாக, பிரான்ஸ் நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் எஞ்சினியர் தம்பதிகள்..."

சித்தி ஆலாத்தித் தட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அவளுக்கு இது முன்பே சொல்லப்படவில்லை. தட்டைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"எஞ்சினியர் இல்லை பெரியத்தான்," என்றாள். ஒலிவாங்கி கிட்ட இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சைக்கிள் ஓடினவர். அதுதான் அவரின்ர வேலை."

பின்வரிசையிலிருந்து யாரோ, "ஊரில நாங்களெல்லாரும் சைக்கிள்தானே ஓடினனாங்கள்!" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சித்தப்பா அதைத் தனக்கான வரவேற்பு என்று நினைத்தார். அவரும் சிரித்து, சனத்தைப் பார்த்துக் கை கூப்பினார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு பேரும் ஆலாத்தியை எடுத்து முடித்தார்கள். வீடியோக்காரரின் வெளிச்சம் அவர்கள் மேல்தான் இருந்தது.

சில வாரங்களில் கசெற் வந்தது. எல்லோரும் வரவேற்பறையில் கூடியிருந்து பார்த்தோம். ஒவ்வொரு சோடியாக வந்து போனார்கள். சித்தியின் முறை வரவேண்டிய இடத்தில் திரை முழுக்க ஒரு ரோசாப்பூ விரிந்தது. பூ மறைந்தபோது அடுத்த சோடி தட்டோடு நின்றது.

சித்தப்பா திரையைக் காட்டிச் சித்தியிடம் ஏதோ கேட்டார். எங்கே நாங்கள் என்றுதான் கேட்டிருப்பார்.

"நான்தான் வெட்டச் சொன்னனான்," என்றார் பெரியப்பா. "உன்ர அப்பு உதைப் பாத்தால் நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவார். அந்த மனுசனுக்காகத்தான் செய்தது."

சித்தி அப்பாவைப் பார்த்தாள். "அத்தான், நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் கேக்கிறன்."

அப்பா எழும்பவில்லை. "அண்ணை நல்லதுக்குத்தானே சொல்லுறார்," என்றார். அந்தக் குரலில் இருந்தது விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஒரு மனிதருக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். நம்முடைய அப்பாமார் செய்த பிழைகளில் பாதி களைப்பில் செய்தவை. அதைச் சொல்லி அவர்களை மன்னிக்கலாம். ஆனால் பிழைக்குக் களைப்பில்லை. அது தன் பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கிழமையே அவர்கள் மொன்றியலுக்குப் போனார்கள். அங்கே பிரெஞ்சு பேசலாம், வேலை எடுக்கலாம். சைக்கிளைக் கழற்றி ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். அம்மப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். சித்தியோடு பேசாமலே செத்துப்போனார்.

இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்த கதை. அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இப்போது ஸ்காபரோவிலேயே மல்வேர்ன் பக்கம் இருக்கிறேன். அம்மா என்னோடு. நானும் களைத்துப் போன ஆள்தான், முழங்கால் இரண்டும் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்லும். சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கதைப்பாள். போன ஞாயிறு, "அவருக்கு இப்ப ஏலாது அக்கா. கட்டிலோட. டொக்டர்மார் ஒண்டும் சொல்லினமில்லை," என்றாளாம். போனை வைத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உன்ர அம்மப்பா ஒருக்காப் போன் எடுத்தவர் பிள்ளை. அவையள் மொன்றியலுக்குப் போன பிறகு. கண் ஒப்பரேசனுக்கெண்டு கொழும்புக்கு வந்த இடத்தில."

"என்ன சொன்னவர்?"

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஊரில ஆரோ ஜெனரேற்றர் வைச்சுக் கசெற்றைப் போட்டுக் காட்டினவையாம். 'சின்னவளும் மருமோனும் ஆலாத்தி எடுக்க வரேல்லையே? நான் அதுக்காகத்தான் பாத்தனான். காணேல்லை. என்ர கண்ணிலதான் பிழையோ எண்டு இன்னொருக்காப் போடச் சொல்லிப் பாத்தன். சைக்கிள் ஓடுற பொடியன் எண்டு கேள்விப்பட்டன். ஒருக்காப் பாக்க ஆசையாக் கிடந்தது. அந்தப் பிள்ளையை ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்?' எண்டு கேட்டவர்."

"இதை ஏனம்மா சித்தியிட்டைச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்றது? அப்புவுக்காக வெட்டினது எண்டெல்லோ அவளுக்குச் சொன்னது. அவர் கேட்டவர் எண்டு சொன்னால், அப்ப ஆருக்காக வெட்டினது எண்டு கேப்பாள். அண்டைக்குத் தமையனுக்கு ஓமெண்ட உன்ர அப்பாவை என்னெண்டு காட்டிக் குடுக்கிறது?" அவள் அழத் தொடங்கினாள். "நீ சொல்லு. எனக்கு ஏலாது."

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. போனை எடுத்தேன்.

சித்தி முழுவதையும் கேட்டாள். பிறகு போனை வாயிலிருந்து விலக்கி, உரத்த குரலில், பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள். எங்கோ உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. சித்தி நடந்து போவது கேட்டது. போன் கை மாறியது.

"பிள்ளை," என்றார் சித்தப்பா. சித்தியோடு வாழ்ந்து வாழ்ந்து அவருடைய தமிழ் முழுக்க யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. மூச்சு மட்டும் இடைக்கிடை அறுந்தது. "மாமா என்னைத் தேடினவரோ?"

"ஓம் சித்தப்பா. ரெண்டு தரம் போட்டுத் தேடினவர். உங்களைக் காண ஆசையாக் கிடந்ததாம்."

நான் காத்திருந்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

நான் முதலிலிருந்து சொன்னேன்.